சனியும் ஞாயிறும்: திருச்செந்தூர் வழியே தூத்துக்குடிக்கு

அறுவடை முடிந்து களம் ஓய்ந்த நாட்களிலும், ஒரு பாவு முடிந்து மறுபாவு ஏற்றுவதற்கு முன்னுள்ள நாட்களிலும், “எங்கேனும் இரண்டு நாள் சென்று வரலாமே” என்னும் பேச்சு நம் அங்கத்தினர் வீடுகளில் எழுவது இயல்பு. வள்ளியூர்ப் பகுதியில் இருப்போருக்கு இதற்கு நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. மலையைக் குடைந்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் நம் ஊர் முருகனை வணங்கிவிட்டுக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டால், கடற்கரையில் நிற்கும் மற்றொரு முருகனை அன்று நண்பகலுக்குள் கண்டுவிடலாம். இரவுக்குள் தூத்துக்குடி நகரையும் அடைந்துவிடலாம். தெய்வ தரிசனமும் நல்ல உணவும் ஒருங்கே கிட்டும் வழி இது. உழவர்க்கும் நெசவாளர்க்கும் இவ்வழியில் வேறொரு பயனும் உண்டு. இலையில் விழுவதும், கடையில் கட்டித் தருவதும் யார் கையில் விளைந்தன என்பதை வழிநெடுகக் கண்ணாலேயே காணலாம்.

சனிக்கிழமை முதற்பேருந்தில் ஏறி ராதாபுரம், திசையன்விளை வழியாகச் செல்வது நலம். திசையன்விளையைக் கடந்ததும் மண் சிவக்கத் தொடங்கும். தேரி எனப்படும் இச்செம்மணற் பரப்பில் நெல்லுக்கு இடமில்லை, பனைக்கு உண்டு. உடன்குடியில் இறங்கி ஒரு மணி நேரமாவது தங்காமல் மேலே செல்லலாகாது என்பது என் கருத்து.

உடன்குடிக் கருப்பட்டியை நம்மில் சுவைக்காதவர் அரியர். அது எப்படி உருவாகிறது என்று பார்த்தவரும் அரியர். பங்குனி முதல் ஆடி வரையுள்ள பருவத்தில் பனையேறி நாள்தோறும் காலையும் மாலையும் மரத்தில் ஏறுகிறார். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, உட்புறம் சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். சுண்ணாம்பு இல்லையேல் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். இருந்தால் பதநீராக நிற்கும். இறக்கிய பதநீரை விடிலி என்னும் ஓலைக்குடிசையில் பெண்கள் பெரிய தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாமல் காத்து, பாகு இறுகும் பதம் பார்த்து, சிரட்டைகளில் வார்த்து ஆறவிட்டால் கருப்பட்டி. சுக்கும் மிளகும் சேர்த்து வார்ப்பதும் உண்டு. சிறு சிறு துண்டுகளாக ஓலைக் கொட்டானில் வரும் சில்லுக்கருப்பட்டிக்குக் குழந்தைகளிடம் தனி மதிப்பு.

இத்தனை உழைப்புக்கும் போட்டியாக நிற்பது சீனி. வெள்ளைச் சர்க்கரையைக் காய்ச்சிச் சிறிதளவு கருப்பட்டியைக் கலந்து, அதே சிரட்டையில் வார்த்து, அதே பெயரில் விற்கும் வழக்கம் நெடுநாளாக உள்ளது. உருவம் ஒன்று, விலை குறைவு. வாங்குவோர் மலிந்ததை எடுத்துச் செல்ல, மெய்யான சரக்கு விலைபோகாமல் தங்குகிறது. உயிரைப் பணயம் வைத்து மரமேறுகிறவர் மகனைத் தம் தொழிலுக்கு அனுப்பத் துணிவாரா? ஏற ஆளின்றிப் பாளை சீவப்படாத பனைகள் இப்பக்கம் எங்கும் நிற்பதற்குக் காரணங்கள் பல. இக்கலப்படம் அவற்றுள் சிறியதன்று. பனைவெல்லக் கூட்டுறவுச் சங்கங்கள் இத்தொழிலுக்கென்றே அமைந்தவை. 2023-ஆம் ஆண்டில் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் குறியீடு கடையில் வந்து நின்று சரக்கைச் சோதிப்பதில்லை. அதை வாங்குகிறவரே செய்தாக வேண்டும். உடைத்த முகத்தில் சீனிபோல் மினுமினுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வாயிலிட்டால் வெறும் இனிப்பு மட்டுந்தானா, பதநீரின் மணமும் சுண்ணாம்பின் மெல்லிய காரமும் பின்னால் வருகின்றனவா என்று பாருங்கள். விடிலியிலேயே வாங்க வாய்த்தால் இந்த ஐயத்துக்கே இடமில்லை. நம் சங்கத்தின் பெயரில் போலிச் சேலை விற்றால் நமக்கு எவ்வளவு கொதிக்குமோ, அவ்வளவு கொதிப்பு அவர்களுக்கும் இருக்கும்.

உடன்குடியிலிருந்து திருச்செந்தூர் அண்மையிலேயே உள்ளது. ஆறுபடை வீடுகளுள் இரண்டாவது. கடலோரத்தில் அமைந்தது இது ஒன்றே. கிழக்கே கடல் இருப்பதால் இராஜகோபுரம் மேற்கே எழும்பியுள்ளது. ஒன்பது நிலை, 137 அடி உயரம். அதைக் கட்டிய தேசிகமூர்த்தி சுவாமிகளிடம் கூலி கொடுக்கப் பணமில்லாதிருந்ததாகவும், பன்னீர் இலையில் மடித்த திருநீற்றையே தொழிலாளர்க்கு அளித்ததாகவும், தூண்டுகை விநாயகர் கோயிலைத் தாண்டியதும் அது அவரவர் உழைப்புக்கேற்ற கூலியாக மாறியதாகவும் ஐதிகம். பக்தர்கள் இதில் முருகனின் அருளைக் காண்பர். அளந்து கொடுத்த கூலி என்னும் செய்தியும் அதனுள் இருப்பதை உழைப்பவர் எளிதில் கண்டுகொள்வர். இன்றும் அத்தலத்தில் இலை விபூதியே பிரசாதம்.

1646 முதல் 1648 வரை இக்கோயில் டச்சுக்காரர் வசமிருந்தது. அவர்கள் கவர்ந்து சென்ற திருவுருவத்தை வடமலையப்ப பிள்ளை கடலிலிருந்து மீட்டார் என்பர். 2025 ஜூலை 7-ஆம் நாள் குடமுழுக்குக் கண்டு, கோயில் இப்பொழுது புதுப்பொலிவுடன் விளங்குகிறது. கடலாடியபின் நாழிக்கிணற்றில் நீராடுவது முறை. அலையோசை கேட்கும் தொலைவில், ஏறக்குறைய 24 அடி ஆழத்தில், உப்பில்லாத நீர் சுரக்கிறது. ஆடவர் மேற்சட்டை களைந்தே உட்செல்வது வழக்கமாதலால் நல்ல வேட்டியும் துண்டும் கைவசம் இருக்கட்டும். அங்கே வாங்குவதாயின், 2006-இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை உண்டா என்று புரட்டிப் பார்த்து வாங்குவது நெசவாளர் குடும்பத்துக்கு அழகு.

ஆவணி, மாசித் திருவிழாக்களின்போது செல்ல வாய்ப்பவர்கள் ஏழாம் நாளையும் எட்டாம் நாளையும் தவறவிடலாகாது. ஏழாம் நாள் மாலை சண்முகர் செவ்வாடை புனைந்து சிவப்புச் சாத்தியில் வருவார். எட்டாம் நாள் விடியலில் வெண்பட்டு, நண்பகலில் பச்சை. சிவன், பிரமன், திருமால் ஆகிய மூவரின் அம்சமாக ஒரே மூர்த்தி தோன்றுவதாகக் கருத்து. மூர்த்தி மாறவில்லை, துணியும் மலரும் மாறின. சாயம் தோய்ப்பவரும் தறியில் அமர்பவரும் கூட்டத்தில் நின்று இதைப் பார்க்கும்போது, மற்றவர்க்குக் கிட்டாத பெருமிதம் ஒன்று அவர்களுக்குக் கிட்டும்.

திருச்செந்தூரிலிருந்து தூத்துக்குடி சுமார் 40 கிலோமீட்டர். இடையே ஆத்தூர். கடலைச் சேருமுன் தாமிரபரணி கடைசியாக நீரூட்டும் நிலங்கள் இவை. வாழையும் நெல்லும் ஒருபுறமிருக்க, அகத்தியைப் பற்றிப் படரும் வெற்றிலைக் கொடிக்கால்களே ஆத்தூருக்குப் பெயர் தந்தவை. இவ்வெற்றிலைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமுள்ள இலை. கொடிக்கால் வைத்திருப்போர் பேருந்திலிருந்து இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். அதன்பின் நீர் வளம் குறைந்து, பாத்தி பாத்தியாக உப்பளங்கள் தொடங்கும். குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் மிகுதியாக உப்பு விளையும் இடம் இது. கண் கூசும் வெயிலில் உப்பை வாரிக் குவிக்கும் பெண்களைக் கண்டபின், அன்றிரவு இலையில் வைக்கும் உப்பு சற்று வேறாகத்தான் தோன்றும்.

தூத்துக்குடியின் இரவு உணவு பரோட்டா. மைதா மாவைப் பிசைந்து ஊறவைத்து, வீசி விரித்து, சுருட்டித் தட்டிக் கல்லில் இடுவது எங்கும் உள்ளதே. இங்கே எண்ணெயில் அமிழ்த்தி மொறுமொறுப்பாகப் பொரித்தெடுக்கும் வகையும் உண்டு. அதை நொறுக்கிச் சால்னாவில் ஊறவைத்து உண்கிறார்கள். சுவையைப் பற்றி இரு கருத்தில்லை. வயிற்றைப் பற்றி உண்டு. முதியவர்கள் இரண்டோடு நிறுத்துவது நன்று. தங்குவதற்கு முன்னேற்பாடு செய்திராதவர்கள் திருவிழாக் காலத்தில் இடருறுவர்.

ஞாயிறு காலையில் சங்கர ராமேசுவரர் கோயில். அம்மை பாகம்பிரியாள். இறைவன் உமைக்கு மந்திரம் உபதேசித்த இடமாதலின் திருமந்திர நகர் என்று இவ்வூருக்கு ஒரு பெயர். வைகுண்டபதிப் பெருமாள் கோயிலையும் அதே காலையில் வணங்கிவிடலாம். பின்னர்ப் பனிமய மாதா கோயில். முத்துக்குளித்த பரதவர் குலத்தார் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் காலத்தில் கிறிஸ்தவ சமயம் தழுவினர். அவர்கள் போற்றும் அன்னையின் இவ்வாலயம் 1982-இல் பேராலயமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்டு 5 திருநாள். அன்று பிற சமயத்தாரும் பெருந்திரளாகக் கூடுவர்.

இந்த ஞாயிற்றுக்கிழமை என்னும் ஓய்வு நாளுக்கே இந்நகரில் ஒரு வரலாறு உண்டு. இங்கிருந்த கோரல் பஞ்சாலையில் 1908 பிப்ரவரி 27-ஆம் நாள் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணை நின்றனர். ஒன்பதாம் நாள் நிர்வாகம் இணங்கியது: கூலி உயர்வு, வேலை நேரக் குறைப்பு, ஞாயிறு விடுமுறை. மார்ச் 12-இல் பிள்ளை அவர்கள் சிறைப்பட்டார். அதற்கு முன்பே, 1906-இல், அவர் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனி ரூ. 25 வீதம் 40,000 பங்குகளாகப் பிரித்துப் பத்து லட்ச ரூபாய் மூலதனம் திரட்ட முனைந்தது. அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை. ஆனால் 2011 முதல் இத்துறைமுகம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. சிறு பங்கு செலுத்திச் சங்கத்தில் சேர்ந்த நம்மவர்க்கு அந்த 25 ரூபாயின் பொருள் சொல்லாமலே விளங்கும்.

ஊர் திரும்புமுன் வாங்க வேண்டியது மக்ரூன். முட்டையின் வெண்கருவை நுரைக்க அடித்து, சீனியும் பொடித்த முந்திரியும் சேர்த்து, கூம்பு வடிவில் பிழிந்து, மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்துகிறார்கள். மேலை நாட்டில் பாதாம் பருப்பிட்டுச் செய்வது; இங்கே முந்திரி அதன் இடத்தைப் பிடித்தது. முந்திரி மரமும் போர்த்துக்கீசியர் பிரேசிலிலிருந்து கொணர்ந்ததே. முட்டை சேர்ந்த பண்டமாதலால் விரதம் இருப்போரும் மரக்கறி உணவினரும் அறிந்து வாங்குக. திருநெல்வேலி வழியாக வள்ளியூர் வந்து சேர மாலையாகிவிடும். மக்ரூன் ஈரக்காற்றில் பிசுபிசுத்துவிடும். புறப்படும்போதே மூடியுள்ள தகர டப்பா ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். கருப்பட்டியை அதே டப்பாவில் வைக்காமல் ஓலைப்பெட்டியிலேயே விட்டுவிடுங்கள்.