சுவர்ப் பூ ஏன் மங்கியது?

சொரசொரத்த தரையில் கோலம் போடுகிற சிரமத்தைச் சகோதரிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளத்தில் மாவு சரியாக விழாது. இழை விட்டுவிட்டுப் போகும். கையைக் கொஞ்சம் உயர்த்தினாலோ, கோடு பரந்து போகும்!

இந்தக் கோல சாஸ்திரம்தான் வால்பேப்பருக்கும். திருப்போரூர்ப் பக்கத்துப் புது அடுக்குமாடி வீட்டுக் கூடத்துக்குத் தாமரைக் குளம் ஒன்றை அச்சடித்து ஒட்ட ஆசைப்படுகிறீர்கள். நெசவுத் துணி போல மேடு பள்ளமுள்ள தாளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள். படம் வந்தால் முகம் சுளிக்கும்படி இருக்கிறது. பணமோ கொடுத்தாயிற்று. குற்றம் யாருடையது? படத்தையே கேளுங்கள், சொல்லிவிடும்.

கோடுகள் மங்கியிருக்கின்றனவா? மேட்டில் இடிக்காமலிருக்க, மை தெளிக்கும் தலையை மிஷினில் உயர்த்தியிருப்பார்கள். மைத்துளி அதிக தூரம் பயணம் செய்து இடம் தவறுகிறது. மேடு இடிக்காத அளவுக்கு மட்டும் உயர்த்தி, ஒரே திசையில் நிதானமாக அச்சடித்தால் தெளியும். பொடி எழுத்தும் மெல்லிய கோடும் இந்தத் தாளுக்கு ஆகாது. பெரிய பூக்களே லட்சணம்.

மை இழுவிக் கீறல் விழுந்திருக்கிறதா? தலை தாழ்ந்து மேட்டில் உரசியிருக்கிறது. பள்ளங்களில் வெள்ளைப் புள்ளியா? மை போதவில்லை, ஒரே இடத்தில் இன்னும் பல தடவை மிஷின் ஓட வேண்டும்.

குறுக்கே வரி வரியாக இருந்தால் வழவழப்பான தாளில் சோதனைக் கோடுகள் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கும் கோடு விட்டுப்போனால் மைத் துளைகள் அடைத்திருக்கின்றன. அங்கே சரியாக இருந்தால், தாள் நகரும் அளவைத் திருத்த வேண்டும்.

பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளில் நிறம் வேறுபட்டால், ஒரே சுருளில் ஒரே நாளில் அச்சடித்தார்களா என்று விசாரியுங்கள். ஒன்றுவிட்டு ஒரு பட்டையைத் தலைகீழாக அச்சடிப்பதும் உண்டு. அப்போது அச்சில் ஒரே பக்கம் இருந்த ஓரங்களே சுவரில் ஒன்றோடொன்று சேரும், பேதம் தெரியாது.

இத்தனையும் பணம் கொடுக்குமுன்பே தெரிந்துகொள்ளலாம். ஒட்டப் போகிற அதே தாளில் ஓர் அடி மாதிரி கேளுங்கள். வழவழத் தாளில் காட்டும் மாதிரி எதற்கும் உதவாது. அதைச் சுவரில் மாட்டி, பகல் வெளிச்சத்தில், நீங்கள் உட்காரும் இடத்திலிருந்தே பாருங்கள்.

இன்னொன்று. திருப்போரூருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய். அதைத் தாண்டினால் கடல். உப்பங்காற்று வீசும் ஊரில் சுவரில் ஓதம் ஏறினால், அச்சு எத்தனை அழகாயிருந்தும் தாள் உப்பும், கறை படியும். அதற்கு அச்சடித்தவர் என்ன செய்வார்? ஒரு பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப்பினால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் கழித்துப் பிரியுங்கள். சுவரை ஒட்டிய பக்கம் நீர் முத்து முத்தாகப் பூத்திருந்தால், முதலில் சுவருக்கு வைத்தியம். அப்புறந்தான் தாமரைக் குளம்!