வெறி நாயா, இல்லையா? மூளை சொல்லும் சாட்சி!

தெருவில் ஒரு நாய் குழந்தையைக் கடித்துவிட்டது. "வெறி நாய்! அடி, கொல்லு!" என்று கூச்சல் கிளம்புகிறது. நாலு பேர் தடி எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். நாயின் மண்டை சிதறுகிறது. அவசரமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள்.

"ஆபத்து ஒழிந்தது" என்று எல்லோரும் வீடு திரும்புகிறார்கள். ஆனால் ஆபத்து ஒழியவில்லை. சாட்சிதான் ஒழிந்தது!

அந்த நாய்க்கு வெறிநோய் இருந்ததா என்பதைச் சொல்லும் தடயம் அதன் மூளையில்தான் இருக்கிறது.

ரத்தத்தில் தெரியாது

வெறிநோயை உண்டாக்குவது 'வைரஸ்' என்னும் மிக நுண்ணிய கிருமி. பல கிருமிகள் ரத்தத்தில் பரவும். இது அப்படி அல்ல. கடிபட்ட இடத்திலிருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. அங்கே பெருகி, பிறகு எச்சிலுக்கு வருகிறது. ஆகவே நாயின் ரத்தத்தைச் சோதித்துப் பயன் இல்லை. நாய் இறந்த பிறகு மூளையைச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும்.

இத்தாலி டாக்டர்

1903-ம் ஆண்டு இத்தாலி நாட்டு டாக்டர் அடெல்கி நெக்ரி, வெறிநோயால் இறந்த விலங்குகளின் மூளையை மைக்ராஸ்கோப் மூலம் ஆராய்ந்தார். நரம்பு அணுக்களுக்குள் சிறு சிறு உருண்டைகள் தெரிந்தன. அவற்றைத் தேடுவதே வெகுகாலம் சோதனையாக இருந்தது. ஆனால் அதில் ஒரு குறை. நோய் இருந்தும், சில மூளைகளில் இந்த உருண்டைகள் தென்படுவதில்லை.

பச்சை ஒளி

1958-ம் ஆண்டு அமெரிக்காவில் புது முறை வந்தது. கிருமியைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தில், ஒளிவிடும் சாயத்தைச் சேர்த்தார்கள். மூளைத் துணுக்கின் மேல் அதை விட்டுக் கழுவினார்கள். கிருமி இருந்தால், விசேஷ மைக்ராஸ்கோப்பில் மின்மினி போலப் பச்சை ஒளி! சில மணி நேரத்தில் முடிவு தெரிந்துவிடும். இன்றும் உலகம் நம்பும் சோதனை இது.

மண்டை சிதைந்தாலும், மூளை அழுகினாலும் இந்தச் சோதனை சரிவராது. ஆகவே நாயை அடிக்காதீர்கள். முடிந்தால், பிறரைக் கடிக்காதபடி அடைத்து வைத்து 10 நாள் கவனியுங்கள். அது நலமாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம். இறந்துவிட்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்கள்.

காத்திருக்காதீர்கள்!

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "சோதனை முடிவு வரட்டும், 10 நாள் போகட்டும், பிறகு ஊசி போடலாம்" என்று இருந்துவிடக்கூடாது. நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது மிக அரிது.

கடித்த உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொப்புளைச் சுற்றி 14 ஊசி போட்ட காலம் மலையேறிவிட்டது. இப்போது கையில் சில ஊசிகள்தான். டாக்டர் சொன்ன நாட்களில் ஒன்றுகூடத் தவறக்கூடாது.

நாயின் மூளை தன் சாட்சியை மெதுவாகவே சொல்லட்டும். அதற்கு முன்பே குழந்தைக்கு ஊசி போட்டாக வேண்டும்!