சுருளில் துள்ளும் மீன்கள்

மீன் என்றதும் அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துத் தோழியருக்குக் குழம்புச் சட்டியே முதலில் நினைவுக்கு வரும். ஜப்பானியருக்கோ வீட்டுச் சுவரும் நினைவுக்கு வரலாம். அங்கே 'காகேஜிகு' எனப்படும் தொங்கு சுருள் ஓவியங்களில், அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை மீனைத் தீட்டுவது நெடுநாள் வழக்கம். மாருயாமா ஓக்யோ (1733-1795) என்னும் ஓவியர் இதில் புகழ்பெற்றவர். அருவியை ஏறி முடித்த கெண்டை டிராகனாக மாறும் என்பது சீனத்திலிருந்து அங்கு சென்ற பழங்கதை. ஆகவே அது ஆண் பிள்ளைகளின் வெற்றிக்கு அடையாளமாயிற்று. பெண்களுக்கு மார்ச் 3ஆம் நாள் பொம்மைத் திருநாள் உண்டு, கெண்டை இல்லை. நமக்கு இதில் சிறிது வருத்தமே!

நம் நாட்டிலும் சுருளில் மீன் தீட்டுவோர் உண்டு. மேற்கு வங்காளத்தில், பிங்களாவை அடுத்த நயா என்னும் சிற்றூரில் பட்டுவா என்ற ஓவியர் குடும்பங்கள் வாழ்கின்றன. சித்திரகார் என்பது அவர்கள் குடும்பப் பெயர். பெரும்பாலோர் இஸ்லாமியர், ஆயினும் இராமாயணத்தையும் தீட்டிப் பாடுகின்றனர். சங்குப்பூவிலிருந்து நீலமும், மஞ்சளிலிருந்து மஞ்சளும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பும் எடுத்து, வில்வக்காய்ப் பிசினில் குழைக்கின்றனர். கிழியாமலிருக்கத் தாளின் பின்புறம் பழைய சேலைத் துணியை ஒட்டுகின்றனர்.

ஜப்பானியச் சுருள் அமைதியாகத் தொங்கும். இதுவோ பாட்டோடு திறக்கும். ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து, விரலால் சுட்டிக்காட்டிப் பாடவேண்டும்.

இவற்றுள் பெயர் பெற்றது 'மீன் திருமணம்'. மீன்கள் எல்லாம் கூடி மேளதாளத்தோடு கல்யாண ஊர்வலம் போகின்றன. வாளை மீனை மட்டும் அழைக்கவில்லை. முடிவில் அது பெரிய வாயைத் திறந்து அத்தனை மீன்களையும் விழுங்குகிறது. வாளை உண்மையிலேயே பிற மீன்களைத் தின்னும் மீன்தான். ஆனால் கேட்பவர்களுக்குப் புரியும், அது ஏழைகளை விழுங்கும் செல்வர் என்று. பெயரைச் சொல்லிக் குறை கூற முடியாதவர்கள் மீனைச் சொல்லிக் கூறினார்கள் போலும். குழந்தைக் கதை என்று இதைத் தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை.

முன்பு சுருளைத் தோளில் சுமந்து ஊர் ஊராகச் சென்றவர்கள் பெரும்பாலும் ஆண்களே. இன்று பெண்கள் பலர் தீட்டவும் பாடவும் செய்கின்றனர். அவர்களுள் ஒருவர் மொய்னா சித்திரகார். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி நம் கரையோர மக்களை வாரிச் சென்றதல்லவா? அத்துயரை அவரும் ஜாய்தேவ் சித்திரகாரும் சுருளாகத் தீட்டினர். அதனைச் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2009இல் 'சுனாமி' என்ற நூலாக்கியது. (சுனாமி என்பதும் ஜப்பானியச் சொல்லே!) மடித்த தாள்களைப் பிரித்துக்கொண்டே போனால் நூல் முழுச் சுருளாக நீண்டு தொங்கும். பாடுவதற்குத்தான் ஆள் வேண்டும்.