ஈப்போவைச் சுமந்த ஆறு

புந்தோங்கில் இருப்பவர்களுக்குச் சுங்கை பாரி ஒரு பெரிய கால்வாய் மாதிரி. வெள்ளம் வந்தால்தான் அதன் ஞாபகமே வரும். ஆனால், அது போய்ச் சேரும் கிந்தா ஆறு இல்லையென்றால் ஈப்போ என்ற ஊரே இந்த இடத்தில் எழுந்திருக்காது. அந்நாளில் சரக்குப் படகுகள் மேலேறி வரக்கூடிய எல்லை இதுதான். அதற்கப்பால் யானையும் தலைச்சுமையும்தான்.

1880களில் கிந்தா பள்ளத்தாக்கில் ஈய வேட்டை சூடுபிடித்தது. ஈயம் ஏற்றிய படகு நீரோட்டத்தோடு சுலபமாக இறங்கி, பேராக் ஆற்றில் கலந்து, தெலுக் அன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) போய்ச் சேரும். அங்கிருந்து நீராவிக் கப்பலில் பினாங்குக்கோ சிங்கப்பூருக்கோ பயணம். திரும்பும்போதுதான் பாடு. அரிசி மூட்டைகளோடு கழி ஊன்றி எதிர் ஓட்டத்தில் ஏற வேண்டும். அந்தக் கூலியெல்லாம் அரிசி விலையில் ஏறியது. லம்பத்தில் உழைத்தவனுக்கு அதே அரிசியைக் கடனுக்கு விற்று முதலாளி இன்னொரு லாபம் பார்த்தார்!

1895க்குள் ஈப்போவுக்கு இரயில் வந்துவிட்டது. தண்டவாளம் போட்டவர்களில் நம்மவர்கள் ஏராளம். லம்பங்கள் கழுவிவிட்ட மணலும் சேறும் ஆற்றை மேடாக்கின. படகுத் தொழில் படுத்தது. தெலுக் அன்சன் துறைமுகம் மட்டும் தாக்குப் பிடித்தது.

ஆற்றுவழியை வியாபாரிகள் மறந்தார்கள், ஜப்பானியர் மறக்கவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கை விட்டு ஓடிய பிரிட்டிஷார், 24 இயந்திரப் படகுகளை அழிக்காமல் விட்டுப் போனார்கள். எவ்வளவு பெரிய கவனக்குறைவு! கம்பாரில் பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் நான்கு நாள் எதிரியைத் தடுத்து நிறுத்தினார்கள். ஆனால் 1942 ஜனவரி 2ஆம் தேதி ஜப்பானியர் படகுகளில் வந்து தெலுக் அன்சனில் இறங்கிவிட்டனர். முதுகுப்புறம் ஆபத்து என்றதும் கம்பார் கைவிடப்பட்டது.

பிறகு கப்பல் பஞ்சம். பர்மா அரிசி வரத்து குறைய, தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறானது. ரங்கூனுக்குப் போகும் ஜப்பானியக் கப்பல்களை நேசநாட்டு நீர்மூழ்கிகள் மிரட்டின. கடல்வழிக்கு மாற்றாகத்தான் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா இரயில் பாதை 1943 அக்டோபரில் போட்டு முடிக்கப்பட்டது. அதற்காகப் பேராக் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் இரயிலேற்றப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை.