பனிக்கடியில் மண் உறைந்திருக்கா? தோண்டாமலே எப்படித் தெரியும்?

2024 ஆகஸ்டில் கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நிலம் உள்வாங்கியபோது, மண்ணுக்கடியில் தேட ரேடார் கொண்டு வந்தது ஞாபகம் இருக்கா? தோண்டாமலே உள்ளே பார்க்கும் இதுபோன்ற உத்திதான் அண்டார்டிகாவிலும் உதவுது.

2011-இல் டெய்லர் பனியாற்றின் மேல், ஹெலிகாப்டரில் பெரிய கம்பிச் சுருளைத் தொங்கவிட்டு மின்காந்த அலைகளைக் கீழே செலுத்தினார்கள். ஆண்டுக் கணக்கில் உறைந்து கிடக்கும் மண்ணில் மின்சாரம் எளிதில் பாயாது. உப்புநீரில் நன்றாகப் பாயும். அந்த வித்தியாசத்தை வைத்தே, பனிக்கடியில் உறையாத உப்புநீர் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

சரி, நமக்கென்ன? அடிமண் உறைந்திருந்தால் பனி ஒட்டி நிற்கும். ஈரமானால் கடலை நோக்கி வழுக்கும். கடல்மட்டம் எவ்வளவு வேகமாக உயரும் என்று கணிக்க இது தெரிஞ்சாகணும். சிம்பாங் அம்பாட்டை அடுத்த பத்து காவான் கடலோரத்துக்கு அரை மீட்டர் உயர்வே பெரிய விஷயம்.