ஈரலகு அம்புமுனை: ஓர் ஆப்பின் கணக்கு

தொடக்கப்பள்ளி அறிவியலில் ஆப்பைப் படித்திருப்பீர்கள். நீண்டு மெலிந்த ஆப்பு விறகில் எளிதாக இறங்கும். குட்டையாகத் தடித்த ஆப்பு முரண்டு பிடிக்கும். அமெரிக்காவில் நெடுவில்லும் ரிகர்வ் வில்லும் கொண்டு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அம்புமுனை வாங்கும்போது போடுவதும் இதே கணக்குதான்.

அவர்கள் கையில் இருக்கும் ஆற்றல் மிகக் குறைவு. 32 கிராம் அம்பு நொடிக்கு 54 மீட்டர் வேகத்தில் பறப்பதாக வைத்துக்கொள்வோம். இயக்க ஆற்றல் சுமார் 47 ஜூல். 430 கிராம் கால்பந்தை நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் உதைத்தாலும் ஏறக்குறைய இவ்வளவுதான்! கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில் இதைப்போல் இரு மடங்கு தரக்கூடும். ஆகவே பழைய பாணி வில்லாளி ஒரு ஜூலைக்கூட வீணாக்க முடியாது.

இங்கேதான் ஈரலகு முனை கைகொடுக்கிறது. 3 அங்குல நீளம், 1 அங்குல அகலம் உள்ள முனையின் இயந்திர இலாபம் 3. அதே நீளத்தில், மையத்திலிருந்து அரை அங்குலம் நீளும் மூன்று அலகுகளை வைத்தால் மொத்த அகலம் ஒன்றரை அங்குலமாகிறது. இலாபம் 2-க்கு இறங்கிவிடும். நீளம் அகலத்தைப்போல் மூன்று மடங்கு இருக்க வேண்டும் என்பது ஹோவர்ட் ஹில் வலியுறுத்திய அளவு. 1938-இல் வெளிவந்த ராபின் ஹூட் படத்துக்காக அம்பு எய்தவர் அவர். 1980களில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் சோதனைகள் செய்த எட் ஆஷ்பியும் நீண்டு குறுகிய ஈரலகு முனைகளையே ஆதரித்தார்.

அப்படியானால் இன்னும் குறுக்கிவிடலாமே என்று கேட்பீர்கள். கூடாது. அம்பு அதிர்ச்சியால் கொல்வதில்லை; நுரையீரலின் இரத்தக் குழாய்களை அறுத்து, குருதியிழப்பால் கொல்கிறது. வெட்டு சிறுத்தால் காயமடைந்த மான் வெகுதூரம் ஓடி, புதரில் கிடந்து வதைபடும். அதனால்தான் சில மாநிலங்களில் குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலம் வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அகலம் கூடினாலும் தொல்லை: தட்டையான அலகு காற்றில் சிறகுபோல் செயல்பட்டு அம்பைத் திசைமாற்றும். பின்னால் பெரிய இறகுகள் கட்டி அதை அடக்க வேண்டும்.

சில முனைகளை உளியைப்போல் ஒரு பக்கம் மட்டுமே சரித்துத் தீட்டியிருப்பார்கள். அவை உள்ளே இறங்கும்போது திருகாணிபோல் சுழலும். எலும்பில் பட்டால் அதைப் பிளக்கவும் உதவும். இறகு அம்பைச் சுழற்றும் திசையும் இந்தச் சரிவு சுழற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். எதிரெதிராக இருந்தால் ஒன்றை மற்றொன்று கெடுக்கும்.

என்னைக் கேட்டால், வடிவத்தைவிடக் கூர்மைக்குத்தான் முதலிடம். மழுங்கிய அலகு பட்டால் இரத்தக் குழாய் ரப்பரைப்போல் வளைந்து விலகிக்கொள்ளும். இரண்டே அலகு என்பதால் சாதாரண அரத்திலும் சாணைக்கல்லிலும் இதை வீட்டிலேயே தீட்டிவிடலாம். தீட்டியபின் வில்லாளிகள் செய்யும் சோதனை எளிது. ஒரு ரப்பர் வளையத்தை லேசாக இழுத்து மாட்டி, அலகை அதன்மேல் மெல்ல இழுக்கிறார்கள். அழுத்தாமலே அறுந்தால் அம்பு கூட்டுக்குள் போகும். இல்லையென்றால் மறுபடியும் அரம்தான்.