பழைய ஜீப் வாங்கப் போறீங்களா? வண்டிக்கு முன்னாடி ஆர்.சி.யைப் பாருங்க!

தோட்டத்துக்குப் போய்வரவும், லீவு நாளில் ஏற்காடு, கொல்லிமலை ஏறவும் ஒரு பழைய ஜீப் இருந்தால் நல்லா இருக்குமே என்ற ஆசை இளம்பிள்ளை பக்கம் பலருக்கும் உண்டு. 1947-இல் மும்பையில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கிய மஹிந்திரா, பின்னர் அவற்றை இங்கேயே தயாரித்தது. அந்த வழியில் வந்த சிஜே வகைகளும் எம்எம் 540-யும், 1985-இல் அறிமுகமான மாருதி ஜிப்சியும் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு என்று லாரித் தொழில் நடக்கும் ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் பட்டறைக்கும் பஞ்சமில்லை.

துருப்பிடித்த தகரத்தை மாற்றிவிடலாம். என்ஜினைப் பிரித்து வேலை பார்த்துவிடலாம். ஆவணம் சரியில்லாத வண்டியை மட்டும் எந்தப் பட்டறையிலும் சரிசெய்ய முடியாது. ஆகவே, முன்பணம் கொடுக்கும் முன் இவற்றைப் பார்த்துவிடுங்கள்.

கைபேசியில் முதல் சோதனை

எம்பரிவாஹன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால், முதல் பதிவுத் தேதி, எரிபொருள், பதிவு எதுவரை செல்லும், காப்பீடு இருக்கிறதா என்ற விவரங்கள் வரும். இ-சலான் தளத்தில் கட்டாத அபராதம் தெரியும். திருட்டு வண்டியாக இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு, தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவையில் வாகன என்.ஓ.சி. எடுத்துப் பார்க்கலாம்.

மூன்றெழுத்து எண் கொண்ட பழைய வண்டிகளில் சில இந்தப் பதிவேட்டில் ஏறாமலேயே இருக்கும். "பழைய வண்டிங்க, ஆன்லைன்ல வராது" என்று விற்பவர் சொன்னால், அசல் ஆர்.சி. புக்கோடு அவரையே ஆர்.டி.ஓ. அலுவலகம் போய் விவரத்தை ஏற்றித் தரச் சொல்லுங்கள். பேரம் அதற்குப் பிறகு.

எண்கள் பொருந்துகின்றனவா?

சேசிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு விழும். பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜின் ஏற்றி ஓட்டுவது நம் ஊரில் சகஜம். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. ஆர்.சி.யில் 'பெட்ரோல்', வண்டியில் டீசல் என்றால், ஆய்வின்போது மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

யார் பெயரில் இருக்கிறது?

பழைய ஜீப்புகள் பெரும்பாலும் தாத்தா, அப்பா பெயரில் கிடக்கும். உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகே உங்களுக்கு விற்க முடியும். வண்டி மேல் பழைய கடன் குறிப்பு இருந்தால், படிவம் 35-உடன் கடன் கொடுத்த நிறுவனத்தின் சான்றும் தேவை.

புதுப்பிக்கும் செலவையும் சேருங்கள்

சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். பிறகு ஆய்வு செய்து 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் மத்திய அரசு உயர்த்தியபடி, 20 ஆண்டு தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிப்புக் கட்டணம் ரூ.10,000. பசுமை வரி, காப்பீடு, புகைச் சான்று தனி. இதையெல்லாம் வண்டி விலையோடு கூட்டிப் பார்த்தால்தான் மலிவா இல்லையா என்பது தெரியும்.

இந்த மூன்றில் கூடுதல் கவனம்

வெளிமாநில வண்டி: டெல்லி போன்ற இடங்களில் வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து குறைந்த விலைக்கு வரும். படிவம் 28 எனப்படும் தடையில்லாச் சான்று இல்லாமல் வாங்காதீர்கள். இங்கே வரியும் கட்ட வேண்டியிருக்கும்.

அரசு ஜீப்: 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்பதற்கே போக வேண்டும். "கவர்மென்ட் ஏல வண்டி" என்ற பேச்சை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

50 வயது தாண்டிய வண்டி: பெரிய மாற்றம் செய்யாத பழைய வண்டிகளுக்கு 2021 முதல் 'விஏ' எழுத்துகளோடு தனிப் பதிவு உண்டு. கட்டணம் ரூ.20,000, 10 ஆண்டு செல்லும். ஆனால் கண்காட்சி, பழைய கார் பேரணி, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே ரோட்டில் எடுக்கலாம். தினமும் தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் இது உங்களுக்கு உதவாது. வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகு

மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை 14 நாளுக்குள் விற்பவரும், 30 நாளுக்குள் வாங்குபவரும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29, 30 இதற்கானவை. பரிவாஹன் தளத்திலேயே விண்ணப்பித்து, கட்டணமும் கட்டலாம். காப்பீட்டையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவேட்டில் பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்துள்ளது. வெறும் கையெழுத்துப் போட்ட படிவத்தைக் கொடுத்துவிட்டு "நீங்களே பார்த்து மாத்திக்குங்க" என்று விட்டுவிடாதீர்கள். செயலியில் பெயர் மாறிவிட்டதா என்பதை இரண்டு பேருமே ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.